ஆளி விதையும் கனோலா எண்ணெயும்: தின்பண்டத் தொழிலில் புதிதாக இறங்குபவர்களுக்கு

வீட்டிலோ சின்ன யூனிட்டிலோ தின்பண்டம் செய்து விற்பவர்கள் பலர் இப்போது ஆளி விதைப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இட்லிப் பொடி, லட்டு, பிஸ்கட், ரொட்டி என்று எல்லாவற்றிலும் அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். வனஸ்பதியை விட்டுவிட்டுக் கனோலா எண்ணெய்க்கு மாறலாமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இரண்டுமே நல்ல பொருள்கள்தான். ஆனால் இவற்றை எதற்காகத் தேடிப் போகிறோமோ, அந்த ஒமேகா-3 கொழுப்புதான் இவற்றைச் சீக்கிரம் கெடுக்கவும் செய்கிறது. செய்முறை பழகிவிடும். நாற்பதாவது நாள் பாக்கெட்டைப் பிரிக்கும்போது சிக்கு வாடை அடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கடினமான வேலை. அதனால் இந்தக் கட்டுரையில் ருசியை விடக் கெடாமல் காப்பதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

பொருளின் குணம்

100 கிராம் ஆளி விதையில் சுமார் 42 கிராம் கொழுப்பு, 18 கிராம் புரதம், 27 கிராம் நார்ச்சத்து உண்டு. கொழுப்பில் பாதிக்கு மேல், அதாவது 22 கிராம் அளவுக்கு, ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். தாவர உணவில் கிடைக்கும் ஒமேகா-3 இதுதான். சுருக்கமாக ஏஎல்ஏ என்பார்கள்.

ஆளி விதை எண்ணெய் நமக்குப் புதிதில்லை. கிரிக்கெட் மட்டைக்குத் தடவும் லின்சீட் ஆயில், ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் எண்ணெய், எல்லாம் இந்த விதையிலிருந்து வந்ததுதான். காற்றுப் பட்டால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிப் படலமாகிவிடும். மரத்துக்கு அது நல்லது. அதே வேதிவினை உங்கள் பிஸ்கட்டுக்குள் நடந்தால் பெயிண்ட் வாடையும் மீன் வாடையும் வரும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் கடையில் விற்கும் லின்சீட் ஆயிலை உணவில் சேர்க்கவே கூடாது. சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்தும் அது விற்கப்படுகிறது.

கனோலா எண்ணெய் கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் எண்ணெய். அந்தச் செடியின் பழைய வகையான ரேப்சீட்டின் எண்ணெயில், இதயத்துக்கு நல்லதல்ல என்று கருதப்படும் எரூசிக் அமிலம் அதிகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடாவில் அதைக் கப்பல் இயந்திரங்களுக்கு மசகாகப் போட்டார்கள். பிறகு மனிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டர் ஸ்டெஃபான்சனும் சஸ்கட்டூனின் கீத் டவுனியும் பல ஆண்டுகள் செடிகளை இனக்கலப்புச் செய்து, எரூசிக் அமிலம் மிகக் குறைந்த வகைகளைக் கொண்டுவந்தார்கள். 1974-இல் வந்த டவர் என்ற ரகத்தில்தான் எரூசிக் அமிலமும், புண்ணாக்கில் கார்ப்பைத் தரும் குளுக்கோசினலேட்டும் இரண்டும் சேர்ந்து குறைந்தன. இன்று கனோலா எண்ணெயில் எரூசிக் அமிலம் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊர்க் கடுகெண்ணெயை இதற்கு மாற்றாக எண்ணிவிட வேண்டாம். அது வேறு, இது வேறு.

கனோலாவில் நிறைவுற்ற கொழுப்பு 7 சதவீதம் அளவுக்குத்தான். ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே ஓலியிக் அமிலம்தான் இதில் அறுபது சதவீதத்துக்கு மேல். ஏஎல்ஏ 9 முதல் 11 சதவீதம். ஆளி விதை எண்ணெய் அளவுக்குச் சீக்கிரம் கெடாது, கடலை எண்ணெய் அளவுக்குத் தாங்கவும் தாங்காது.

முதலில் எத்தனை நாள் என்று முடிவு செய்யுங்கள்

என்ன பொருள் செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அது எத்தனை நாள் கடை அலமாரியில் உட்கார வேண்டும் என்று எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் விற்றுத் தீரும் ரொட்டி என்றால் அரைத்த ஆளி விதையைத் தாராளமாகப் போடலாம். ஒரு மாத பிஸ்கட் என்றால் அளவும் பேக்கிங்கும் மாறும். ஆறு மாதம் கெடாத சத்துமாவு வேண்டும் என்றால், முதல் தயாரிப்பாக அதை எடுக்காதீர்கள். நைட்ரஜன் நிரப்பிய பேக்கிங்கும் ஆய்வகச் சோதனையும் இல்லாமல் அது ஓடாது.

முழு விதை உலர்ந்த இடத்தில் ஓராண்டு வரை நன்றாக இருக்கும். தோல்தான் அதன் காவல். அரைத்த நொடியிலிருந்து எண்ணெய் காற்றைச் சந்திக்கத் தொடங்குகிறது. முழு விதையாகவே பிஸ்கட்டின் மேல் தூவினால் கெடாது. ஆனால் மெல்லாமல் விழுங்கும் விதை பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். சத்துக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் அரைத்துத்தான் ஆக வேண்டும்.

வாங்கும்போது

விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பளபளப்பாக, வழுக்கிக்கொண்டு விரலிடுக்கில் ஓட வேண்டும். உடைந்தது, நிறம் மங்கியது, தூசி கலந்தது வேண்டாம். பத்து விதையை வாயில் போட்டு நன்றாக மென்றால் முந்திரியும் எள்ளும் கலந்த மாதிரி ருசி வரும். தொண்டையில் கசப்போ காறலோ தங்கினால் அந்த மூட்டையை விடுங்கள். பழுப்பு விதைக்கும் மஞ்சள் விதைக்கும் சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளை ரொட்டியில் புள்ளி தெரியக் கூடாது என்றால் மட்டும் கூடுதல் விலை கொடுத்து மஞ்சளை வாங்குங்கள்.

அரைத்து வைத்த ஆளி மாவை மொத்த விலையில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என்று அரைத்தார்கள், எப்படி வைத்திருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

கனோலா எண்ணெய்க்குத் தயாரிப்புத் தேதிதான் முக்கியம். நம் கடைகளில் இருப்பது பெரும்பாலும் இறக்குமதி. வழியிலேயே சில மாதம் போயிருக்கும். ஒளி படும் அலமாரியில் நின்ற ஒளி ஊடுருவும் பாட்டிலைத் தவிர்த்து, உங்கள் மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். கனடாவில் விளையும் கனோலாவில் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்ட ரகம். வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். நீங்கள் வாங்கும் எண்ணெய் எந்த நாட்டுடையது, எந்த வகை என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வறுப்பதும் அரைப்பதும்

பச்சை ஆளி விதையில் சயனைடைத் தரக்கூடிய சில சேர்மங்கள் சிறு அளவில் இருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கில் இருப்பதைப் போலத்தான். வழக்கமாகச் சாப்பிடும் ஒன்றிரண்டு ஸ்பூன் அளவில் பயப்பட ஒன்றுமில்லை. சூடுபடுத்தினால் மேலும் குறையும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் பச்சை ஆளி விதைக்குக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்று ஹைட்ரோசயனிக் அமில (சயனைடு) வரம்பே வைத்திருக்கிறார்கள். ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். ஓவனில் வேகாத பொருளுக்கு, அதாவது பொடி, லட்டு, பானக் கலவைக்கு, வறுத்துச் சேர்ப்பதே முறை.

அடி கனமான எவர்சில்வர் வாணலி, சிறு தீ. ஒரு அடுக்குக்கு மேல் விதை போட வேண்டாம். கைவிடாமல் கிளறினால் சில நிமிடங்களில் விதை உப்பிப் படபடவென்று பொரியும். சத்தம் நன்றாக எழுந்து அடங்கத் தொடங்கும்போதே இறக்கி அகலமான தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிக் கசக்கும். செம்பு, பித்தளை, துருப்பிடித்த இரும்புப் பாத்திரம் எதுவும் வேண்டாம். செம்பும் இரும்பும் துளி கலந்தாலே எண்ணெய் கெடுவதை வேகப்படுத்தும்.

முழுவதும் ஆறிய பிறகு அரையுங்கள். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் எண்ணெய் பிரிந்து களியாக ஒட்டிக்கொள்ளும். விதையை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தைந்து நொடி விட்டுவிட்டு ஓட்டினால் உதிரியாக வரும். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கு அரைப்பதுதான் நல்லது. மிச்சமானால் ஒளி புகாத, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள்.

ஆளி எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காற்றோடு வினைபுரியும்போது சூடு உண்டாகி, குவியலில் அந்தச் சூடு சேர்ந்து, தானாகவே தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. உடனே சோப்பு நீரில் ஊறப்போடுங்கள், அல்லது விரித்துக் காயவிடுங்கள்.

ஒரு பிஸ்கட், ஆரம்பம் முதல் கடைசி வரை

முட்டையும் வனஸ்பதியும் இல்லாத கோதுமை பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு பொருளின் வேலையும் இதில் தெளிவாகத் தெரியும் என்பதால் பழக இதுவே நல்ல பண்டம்.

வனஸ்பதியும் வெண்ணெயும் கெட்டிக் கொழுப்பு. சர்க்கரையோடு அடித்துக் குழைக்கும்போது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காற்றுதான் பிஸ்கட்டைக் கரகரப்பாக்குகிறது. கனோலா நீர்மம். அதை எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. மாவில் எண்ணெய் கசிந்து, பிஸ்கட் தட்டில் பரந்து, பாக்கெட்டின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு படியும். கனோலாவுக்கு மாறிப் பார்த்துவிட்டுப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

இங்கே ஆளி விதை உதவிக்கு வருகிறது. அதன் தோலில் இருக்கும் பசை தண்ணீரில் ஊறியதும் முட்டை வெள்ளை மாதிரி வழவழவென்று வரும். அந்தப் பசை எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிடித்து வைக்கும். வீட்டு அளவில் ஒரு முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி அரைத்த ஆளி விதை, சுமார் 7 கிராம், மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் என்பது பரவலான கணக்கு. கட்டுவதற்கு இது போதும். முட்டை மாதிரி பொங்கி எழும்பாது என்பதால் ஸ்பாஞ்ச் கேக்கில் இதை நம்பாதீர்கள்.

ஒரு கிலோ கோதுமை மாவுக்கு: அரைத்த ஆளி விதை 120 கிராம், நாட்டுச் சர்க்கரை 450, கனோலா எண்ணெய் 320, தண்ணீர் 220, பேக்கிங் பவுடர் 15, உப்பு 8, ஏலக்காய் உங்கள் விருப்பம். வெண்ணெய் போட்டுச் செய்து பழகிய செய்முறையை மாற்றுகிறீர்கள் என்றால், 100 கிராம் வெண்ணெய்க்கு 75 முதல் 80 கிராம் எண்ணெய் போதும். வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பே இல்லை, பெரும்பாலும் தண்ணீர்தான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஆளிப் பொடியைக் கலந்து பத்து நிமிடம் விடுங்கள். கரண்டியைத் தூக்கினால் நூலாக இழுபட வேண்டும். நாட்டுச் சர்க்கரையைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். இப்போது எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே விஸ்க்கால் அடியுங்கள். ஒரேயடியாகக் கவிழ்த்தால் எண்ணெய் மேலே மிதக்கும், பிறகு எத்தனை அடித்தாலும் சேராது. சரியாக வந்தால் கலவை கெட்டியாகி நிறம் சற்று வெளுக்கும். சலித்த மாவு, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாவற்றையும் அதில் போட்டு, மாவு ஒன்றுசேரும் வரை மட்டும் பிசையுங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போல் அழுத்தினால் பிஸ்கட் கல்லாகிவிடும். மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். தவிடும் ஆளியும் மிச்ச ஈரத்தை அந்த நேரத்தில் இழுத்துக்கொள்ளும்.

ஆறு மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டி, 160 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 நிமிடம் வேகவிடுங்கள். ஆளியும் நாட்டுச் சர்க்கரையும் சீக்கிரம் சிவக்கும். மேல் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஓவன் சூட்டில் ஒமேகா-3 எல்லாம் போய்விடாதா என்று கேட்பார்கள். மாவுக்குள் இருக்கும் ஏஎல்ஏ பேக்கிங் சூட்டை நன்றாகவே தாங்குகிறது. இழப்பு பெரும்பாலும் அதற்குப் பிறகு, வைத்திருக்கும் நாட்களில்தான். முழுவதும் ஆறிய பிறகே பாக்கெட்டில் போட வேண்டும். சூட்டோடு சீல் வைத்தால் உள்ளே வியர்த்து நமுத்துப்போகும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். வெந்த பிறகு எடை தோராயமாக 1,850 கிராம் வரும். ஆளியிலிருந்து 26 கிராம் ஏஎல்ஏ, கனோலாவிலிருந்து 29 கிராம். 100 கிராம் பிஸ்கட்டில் கிட்டத்தட்ட 3 கிராம். ஆளி விதைதான் பெயர் வாங்குகிறது, பாதிக்கு மேல் கொடுத்தது கனோலா எண்ணெய் என்பதைக் கவனியுங்கள்.

மற்ற பண்டங்கள்

இட்லிப் பொடிக்கு ஆளி விதை இயல்பாகவே பொருந்தும். மொத்த எடையில் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம், மீறினால் கட்டி கட்டும். விதையைத் தனியாக அரைக்காமல், வறுத்த கடலைப்பருப்பு, உளுந்தோடு சேர்த்து அரைத்தால் பருப்பு எண்ணெயை இழுத்துக்கொண்டு பொடி உதிரியாக நிற்கும். பசை தண்ணீரில்தான் வரும், எண்ணெயில் வராது. அதனால் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தால் வழவழப்பு இருக்காது. அதே பொடியைக் குழம்பில் கலந்தால் வழுக்கும்.

ரொட்டிக்கு மாவில் 8 முதல் 10 சதவீதம் ஆளி. சேர்த்த ஆளியின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர் கூடுதலாக விட்டுத் தொடங்குங்கள். ரொட்டி கொஞ்சம் குட்டையாகத்தான் எழும்பும், ஆனால் மறுநாளும் மிருதுவாக இருக்கும்.

சாலட் டிரெஸ்ஸிங், மயோனைஸ் வகைகளில் கனோலாவுக்குத் தனி இடம் உண்டு. ஃபிரிட்ஜில் உறையாது, தன் வாசனையைத் திணிக்காது.

முறுக்கு, மிக்சருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. சுத்திகரித்த கனோலா 200 டிகிரிக்கு மேல்தான் புகையும் என்பது உண்மை. ஆனாலும் மணிக்கணக்காகக் காய்ந்தால் அதிலுள்ள ஏஎல்ஏ மீன் வாடையைக் கிளப்பும். ஓலியிக் அமிலம் கூட்டி, ஏஎல்ஏ குறைத்த தனி ரகக் கனோலா எண்ணெய் இதற்கென்றே இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் கடலை எண்ணெயோ தவிட்டெண்ணெயோ போதும். எந்த எண்ணெயானாலும், மொத்த துருவச் சேர்மங்கள் (காயக் காய எண்ணெயில் உண்டாகும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நம் நாட்டு விதி. ஆளி விதை எண்ணெயை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சுத்திகரிக்காதது சுமார் 107 டிகிரியிலேயே புகையத் தொடங்கும்.

சோதனை

ஒரே நாளில் செய்த பிஸ்கட்டை, விற்கப்போகும் அதே பாக்கெட்டில், மூன்று பங்காகப் பிரித்து வையுங்கள். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று அலமாரியில், ஒன்று 40 டிகிரி அளவுக்குச் சூடான இடத்தில். வாரம் ஒரு முறை ஒவ்வொன்றிலும் ஒரு புது பாக்கெட்டைப் பிரியுங்கள். போன வாரம் பிரித்ததைத் திரும்ப முகர்வதில் பயனில்லை. கத்தரித்த உடனே மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். கெட்ட வாடை முதல் சில நொடிகளில்தான் துல்லியமாகத் தெரியும். ஃபிரிட்ஜில் இருந்ததை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து நீங்களே முகர்ந்தால் போதாது, உங்கள் மூக்கு பழகிப்போயிருக்கும். வேறு ஆட்களிடம் மூன்று துண்டு கொடுங்கள், இரண்டு ஒரே மாதிரி, ஒன்று வேறு. எது வேறு என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

ஆய்வகத்தில் பெராக்சைடு மதிப்பு, அதாவது எண்ணெய் கெடத் தொடங்கியதைக் காட்டும் எண், பார்ப்பார்கள். சுத்திகரித்த எண்ணெய்க்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதியின் வரம்பு கிலோவுக்கு 10 மில்லி ஈக்விவலன்ட். ஆனால் இந்த எண் ஏறி, உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். பழைய சாம்பிளில் எண் குறைவாக வந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு, கெடுதலின் அடுத்த கட்டத்தைக் காட்டும் அனிசிடின் மதிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். தஞ்சாவூர் நிஃப்டெம், மைசூரு சிஎஃப்டிஆர்ஐ என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்களும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் உணவுத் தொழில் தொடங்குபவர்களுக்கு வழிகாட்டும் இடங்கள்.

பேக்கிங்கில் கண்ணாடி போன்ற கவர் அழகாகத் தெரியும், ஆனால் ஒளி எண்ணெயைக் கெடுக்கும். உள்ளே அலுமினியப் பூச்சுள்ள கவரே இதற்குச் சரி.

லேபிளில் என்ன எழுதலாம்

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவோ உரிமமோ இல்லாமல் விற்கக் கூடாது என்பது தெரிந்ததுதான். சேர்மானப் பட்டியலில் தாவர எண்ணெய் என்று மட்டும் போட்டால் போதாது, எந்த எண்ணெய் என்று பெயர் வேண்டும். கோதுமை இருப்பதால் குளூட்டன் எச்சரிக்கையும் வேண்டும்.

ஒமேகா-3 உள்ளது என்று போட ஆசை வரும். ஐரோப்பிய விதிப்படி 100 கிராமிலும் 100 கலோரியிலும் குறைந்தது 0.3 கிராம் ஏஎல்ஏ இருந்தால் அப்படிச் சொல்லலாம். நம் பிஸ்கட்டில் 100 கலோரிக்கு 0.6 அளவுக்கு வருகிறது. நம் நாட்டுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விளம்பர, உரிமைகோரல் விதிகளின் அட்டவணையைப் பாருங்கள். காகிதக் கணக்கு போதாது, விற்பனைக் காலத்தின் கடைசி நாளில் எடுத்த சாம்பிளின் ஆய்வறிக்கை கையில் இருக்க வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கும், இதயத்தைக் காக்கும் என்றெல்லாம் எழுத வேண்டாம். கனடா அரசின் சுகாதாரத் துறை 2014-இல் ஆளி விதைக்கும் கொலஸ்ட்ரால் குறைவதற்கும் தொடர்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அதற்கு அவர்கள் வைத்த அளவு நாளொன்றுக்கு 40 கிராம் அரைத்த முழு ஆளி விதை. ஒவ்வொன்றும் 12 கிராம் எடையுள்ள நான்கு பிஸ்கட் சாப்பிட்டால் உள்ளே போவது 3 கிராம் ஆளிதான், கூடவே நாட்டுச் சர்க்கரையும். மீன் எண்ணெய்க்குச் சமம் என்பதும் தவறு. ஏஎல்ஏயில் மிகச் சிறு பங்கைத்தான் நம் உடல் மீனில் இருக்கும் வகை ஒமேகா-3 ஆக மாற்றுகிறது.

உண்மையாகச் சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன: முட்டை இல்லை, வனஸ்பதி இல்லை, நார்ச்சத்து உண்டு. பின்பக்கம், "பிரித்த பின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து இரண்டு வாரத்தில் சாப்பிடவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டு வாரத்தையும் நீங்களே ஒரு பாக்கெட்டைப் பிரித்து வைத்துச் சோதித்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.